வெள்ளிக்கிழமைகளில் தின்ற மீன்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை எவ்வளவு, மூட்டு எப்படி, எந்த டாக்டர் பொறுமையாகப் பார்க்கிறார். எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்லிவைத்தாற்போல் சொல்கிறார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மட்டும் கால் தானாக மீன் வறுக்கிற இடத்துக்குப் போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமையிலா என்று முகம் சுளிக்காதீர்கள். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் நான். வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிட்டு விளக்கேற்றுகிற வீட்டில் மீன் என்ற பேச்சே வரக்கூடாது என்பது எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, வெளியிலேயே தின்றுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா என்ற அளவுக்கு இறங்கி வந்துவிட்டார். காரணம் என்ன என்று அவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் பத்து வயதில் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பீர்கள், என்னைக் கொஞ்சம் புரிந்துகொள்வீர்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு தறி. அப்பா ஒன்றில், கூலிக்கு வருகிற பெரியவர் ஒன்றில். அம்மாவுக்கு என் தம்பிகள் இரண்டு பேரைக் கட்டி மேய்க்கவே நேரம் போதாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுப்பது அத்தையின் வேலை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். சோடா பாட்டில் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி போட்டிருப்பாள். அதைக் கழற்றிவிட்டால் எதிரில் வருவது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்லுவாள்.

பட்டுப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைக்கு, கஞ்சி போடுவார்கள், தெரிந்திருக்கும். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, அரிசிக் கஞ்சியை வடிகட்டித் தெளித்து, இழை ஒட்டாமல் விறைப்பாக நிற்கச் செய்வார்கள். அப்படிக் காய்ச்சிய கஞ்சியில் தெளிக்காமல் ஒரு சொம்பு எப்போதும் மிஞ்சும். ஒரு தடவை அத்தை அது மோர் என்று நினைத்தோ என்னவோ மீன் மசாலாவில் ஊற்றிப் பிசைந்துவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வறுத்துப் பார்த்தால் மசாலா மீனை விட்டு ஒரு இடத்திலும் பிரியவில்லை. ஓரமெல்லாம் அப்பளம் போல மொறுமொறுவென்று நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஊற்றினாள். கூடவே ஒரு சிட்டிகை ஓமத்தைக் கசக்கிப் போடுவாள். பாவுக் கஞ்சியை மீனுக்குப் போடுகிறவள் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது, அப்படி ஒரு புத்தி வேறு யாருக்கும் போகாது.

அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்தவர்மேல்தான் அத்தைக்கு மனசு போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வருவார். கிறிஸ்தவர். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். இத்தனை சொன்னால் போதும், எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பங்காளிகள் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் பார்க்க அப்பா அத்தையைக் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்து, தறிக்குக் கீழே கால் வைக்கிற குழிக்குள் விழுந்தது. மறுநாள் விடிகிறபோது அத்தை வீட்டில் இல்லை. கண்ணாடி மட்டும் ஒரு பக்கம் விரிசலோடு குழிக்குள் கிடந்தது. அவளைத் தலைமுழுகியாயிற்று, யாராவது போய்ப் பார்த்தால் அவர்களையும் தலைமுழுகவேண்டியதுதான் என்று பங்காளிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா சரி சரி என்று வீராப்பாகத் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து அப்பா அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் விரிசல் விழுந்த பக்கத்துக்குப் புதுச் சில்லு போட்டுக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். கறுப்பு டப்பா ஒன்றும் வாங்கி வந்திருந்தார். மூடினால் டப் என்று சத்தம் வரும்.

சாயப்பட்டறைக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாக, உன் தங்கச்சி எங்கேயோ சாராயக்கடைப் பக்கம் மீன் வறுத்துக் கொடுத்துப் பிழைக்கிறதாகக் கேள்வி என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எந்தக் கடை என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போகலாம் வா என்று என்னை மட்டும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். கோயிலில் கும்பிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் பேச்சை எடுத்தார்.

"பாப்பா, அத்தை வறுக்கிற மீனு உனுக்கு நெனப்பு இருக்குதா?"

இருக்குது என்றேன். அந்த ருசியை எப்படி மறப்பேன்?

"நான் வெள்ளிக்கிழம வாயில வெக்க மாட்டேன். நீ கொயந்த, உனுக்கு வெரதம் கெடையாது. நீதான் தின்னு பாத்து சொல்லணும். கண்ணாடி இல்லாம அவ தடுமாறிக்கினு இருப்பாமா."

ஏன் வெள்ளிக்கிழமை என்றால், மற்ற நாளில் எந்த மீன் கடைக்குப் போனாலும் எங்கள் தெருக்காரர் ஒருவராவது அங்கே உட்கார்ந்து முள்ளை உருவிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களில் ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. தேடுவதற்கு நல்ல நாள். ஆனால் தின்று பார்க்க அப்பாவால் முடியாது. மீன் வறுக்கிற பெண்கள் எல்லாரும் பின்பக்கம் கீற்றுத் தடுப்புக்குள் இருப்பார்கள், வெளியே வரமாட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அடி விழும். ஆக, என் நாக்கு ஒன்றுதான் வழி.

அப்படித்தான் நான் அந்த வருஷம் தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் காஞ்சிபுரத்தில் மீன் வறுக்கிற இடம் ஒன்று விடாமல் தின்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் சங்கரா மீன். மேலே மிளகாய்த்தூள், உள்ளே உப்பே இல்லை. ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு கொட்டகையில் ஏரிக் கெளுத்தி, சேற்று வாடை போகவில்லை. பிராந்திக்கடைக்குப் பின்னால் ஒருவர் நெத்திலியைப் பொட்டலம் பொட்டலமாகப் பொரித்துக் கொட்டுவார், கறிவேப்பிலையோடு சேர்த்துத் தின்றால் நிறுத்தவே முடியாது. அத்தை கை இல்லை என்று முதல் நெத்திலியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி இரண்டு பொட்டலம் முடித்தேன்.

சாராயக்கடை வாசலில் பத்து வயதுப் பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்த அப்பாவை இன்றைக்கு யாரும் சும்மா விடமாட்டார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டும். நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தலை நிறையக் கனகாம்பரத்தோடு நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தால், குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் லுங்கியைச் சரி செய்துகொள்வார்கள். கெட்ட வார்த்தை நின்றுவிடும். ஒருவர் எழுந்து தூரப் போய் நின்று குடித்ததுகூட உண்டு. அப்பா எனக்கு எதிரில் டீயோடு உட்கார்ந்து, கண்ணாடி டப்பாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து பெஞ்சின்மேல் வைப்பார். மந்தாரை இலையில் மீன் வரும். நான் கடிப்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நொறுங்குதா, ஓமம் தெரியுதா என்று கேட்பார். இது இல்லப்பா என்பேன். அவர் டப்பாவை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்.

வீட்டுக்குப் போகிற வழியில் எலுமிச்சம்பழ மூடியை என் இரண்டு கையிலும் அழுத்தித் தேய்ப்பார். ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பார். தறிக்காரர் விரல், கரடுமுரடாக இருக்கும். பிறகு கோயிலில் கொடுத்த பூவைக் கசக்கிக் கையில் கொடுப்பார்.

நான் அந்தக் கை தேய்ப்புக்காகவே காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வீட்டில் அப்பா பேசமாட்டார். தறியில் உட்கார்ந்தால் அவர் முதுகைத்தான் பார்க்க முடியும். மூத்தவள் என்றாலும் இரண்டு தம்பிகளையும் கவனித்த பிறகுதான் என் முறை வரும். வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். சின்ன வயதில் அத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலாற்று மணலில் நடந்ததைச் சொல்லுவார். நான் அவளை அடித்திருக்கக் கூடாது என்பார். பத்து வயதுப் பெண்ணிடம் ஒரு பெரிய மனுஷன் அப்படிச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? நான் வளர்ந்துவிட்டதாக நினைத்தேன். வாரம் முழுக்க வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று விரலை மடக்கினேன்.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஓரிக்கைக்குப் போனோம். ஆற்றை ஒட்டிப் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்து, மணல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. போகிற வழியில் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே, "அத்த கெடச்சிட்டான்னா இந்த அலைச்சல் முடிஞ்சிரும் பாப்பா. அப்புறம் உனுக்கும் நிம்மதி, எனுக்கும் நிம்மதி" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். முடிந்துவிடும் என்ற வார்த்தை மட்டும் என் காதில் நின்றது.

தோளில் துண்டு போட்ட கடைக்காரர் இலையில் இரண்டு காரப்பொடி மீன் கொண்டுவந்து வைத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓரமெல்லாம் மொறுமொறுவென்று நீட்டிக்கொண்டு நின்றது. கடித்தேன். கஞ்சி, ஓமம், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை. பத்தடி தூரத்தில், சாக்குத் திரைக்குப் பின்னால், அத்தை உட்கார்ந்து வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா பாப்பா? இதா?" என்றார் அப்பா. அதற்குள் கண்ணாடி டப்பாவைத் திறந்துவிட்டார்.

நான் என்ன நினைத்தேன் என்பது நேற்று நடந்ததுபோல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்னும் இரண்டே இரண்டு வெள்ளிக்கிழமை, அதற்குப் பிறகு சொல்லிவிடலாம். அத்தை எங்கே போய்விடப் போகிறாள்?

"இது இல்லப்பா" என்றேன். கணீரென்று சொன்னேன். திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு மீனையும் முள் வெள்ளையாகத் தெரிகிறவரைக்கும் தின்றேன்.

அடுத்த வாரம் வேறு கடை. எதைக் கடித்தாலும் இறங்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலிலேயே, ஓரிக்கைக்கு இன்னொரு தடவை போகலாம்பா, அன்றைக்கு நான் சரியாக ருசி பார்க்கவில்லை என்றேன். அப்பா உடனே சைக்கிளைத் திருப்பினார். அன்றைக்கு மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

கொட்டகையில் அடுப்பு எரியவில்லை. கடைக்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்து சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சொல்லாம கொள்ளாம போய்ட்டாங்கபா. நீ இந்தப் பாப்பாவ இட்டுக்கினு வந்தியே, அதுக்கு மறுநாளு காத்தாலயே" என்றார்.

அந்தப் பெண் கண்ணாடி போட்டிருந்ததா என்று அப்பா கேட்டார்.

"கண்ணாடியா? அது கரண்டியவே தடவித் தடவித்தான் எடுக்கும்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பசிக்குதா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேனா இல்லையா என்று தெரியவில்லை. என்னைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்தார். பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து எலுமிச்சை மூடியை எடுத்து, பழக்க தோஷத்தில் என் விரல்களைத் தேய்த்துவிட்டார். அன்றைக்கு நான் எதையுமே தின்றிருக்கவில்லை.

அதுதான் கடைசி வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமைக்காகப் பொய் சொன்னவளுக்குக் கணக்காக அந்த இரண்டுதான் கிடைத்தது. கண்ணாடி டப்பா தறிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்துக்குப் போயிற்று. அப்பா மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

இதில் அம்மா கதை வேறு. வெள்ளிக்கிழமை தோறும் அப்பா சட்டையில் வந்த வாடையை வைத்து அவர் சாராயம் குடிக்கிறார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். என்னை ஒரு சாக்குக்கு அழைத்துப் போகிறாராம். குடியை விட்டால் மாவிளக்கு போடுகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா வெள்ளிக்கிழமை வெளியே போவதை நிறுத்தியதும் மாவிளக்கும் போட்டாள். ஒரு சொட்டும் தொடாத மனுஷன் அந்த மாவிளக்கை வாங்கித் தின்றார். அம்மா கடைசிவரைக்கும் தன் வேண்டுதல்தான் பலித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா போய், அப்பாவும் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். தம்பிகள் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். நான் மாடத்தில் இருந்த டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய கண்ணாடி உனக்கு எதற்கு என்று பெரிய தம்பி சிரித்தான்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் இப்போது செவிலிமேட்டில் இருக்கிறோம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தள்ளுவண்டி வந்திருந்தது. நாற்பதை நெருங்குகிற பெண் ஒருத்தி வறுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளைகள் சுற்றி நின்று போனைப் பார்த்துக்கொண்டே தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு தட்டு வாங்கினேன். கடித்த மீனை விழுங்காமல் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மசாலாவில் என்னம்மா போடுகிறாய் என்று கேட்டேன்.

"அரிசிக் கஞ்சி ஊத்துவோம் ஆன்ட்டி. எங்கம்மா சொல்லிக் குடுத்தது" என்றாள்.

அவள் அம்மா என் வீட்டுக்கு ஐந்து தெரு தள்ளித்தான் இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். முன்னறையில் சிலுவைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தாயிற்றாம், இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். நான் யார் என்று சொல்வதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அத்தே என்று கூப்பிட்டதுமே எழுந்துவிட்டாள். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் போன சேதி ஒரு வருஷம் கழித்துத்தான் காதுக்கு வந்தது, வருவதற்குத் தைரியம் வரவில்லை என்றாள். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். பிறகு என்னை உட்காரவைத்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னாலதான்மா நாங்க பொழச்சோம். அன்னிக்கி ஓரிக்கையில அண்ணன் கொரல் கேட்டுது. தேடிக்கினு வந்துட்டாங்க, இவர வெட்டிப் போட்டுருவாங்கன்னு உக்காந்துக்கினு இருக்கேன். நீ தின்னு பாத்துட்டு இது இல்லப்பான்னு சொன்ன பாரு. என் கை மீனு உனுக்குத் தெரியாமப் போவுமா? அவ்ளோ சின்ன புள்ள எங்கள காட்டிக் குடுக்கலியேன்னு நாப்பது வருசமா உனுக்காக ஜெபம் பண்றேன்."

அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் மனசில் நான் தெய்வமாக இருந்தேன். அப்பா அரிவாளோடு வந்தவராக இருந்தார். அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலை, டீயை, எலுமிச்சை மூடியை, இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை வேண்டும் என்ற என் பேராசையை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, பெஞ்சின்மேல் அப்பா வைப்பாரே, அதேபோல் அவளுக்கு முன்னால் வைத்தேன்.

அத்தை என் கையை விட்டுவிட்டாள். டப்பாவின் மூடியை விரலால் தடவினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"இத்த எடுத்துக்கினா வந்துது அண்ணன்?" என்றாள்.

ஆமாம் அத்தை, ஒவ்வொரு வாரமும் என்றேன்.

டப்பாவைத் திறந்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அந்தத் தடிமனான சில்லு எப்படிச் சேரும்? என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் புகையாக இருக்கிறது என்றாள். கழற்றிவிடுங்கள் அத்தை, தலை வலிக்கும் என்று கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"இரு. கொஞ்ச நேரம் போட்டுக்கினு இருக்கேன்."